சீருடைக்குள் கட்டிய துணி

அன்புள்ள உங்களுக்கு,

சப்போரோவில் கடும் பனியாமே. காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

ஐந்தாம் மாதத்தில், பஞ்சாங்கத்தில் நாய்க்குரிய நாளன்று, நாயைப் போலச் சுலபமாய்ப் பிரசவம் ஆகட்டும் என்று அத்தை கோயிலில் வாங்கி என் வயிற்றில் கட்டிவிட்ட வெள்ளைத் துணியோடுதான் கடைக்குப் போனேன். காலையில் எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சீருடை பார்க்கும் மேலாளர் குவபாரா அம்மா, என் இடுப்பைத் தொட்டார்.

“உள்ள என்னம்மா மூட்டை கட்டிட்டு வந்திருக்க? சட்டை சுருங்குது பாரு. அவுத்துட்டு வா. கால்ல என்ன, தட்டைச் செருப்பா?”

“டாக்டர்தான் போடச் சொன்னாரு...”

“அப்போ டாக்டரையே வாசல்ல வந்து நிக்கச் சொல்லு.”

அவிழ்த்தேன். கடை மூடும்வரை குதிகால் உயர்ந்த செருப்பில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் குனிந்து வணங்கினேன்.

சளிக்காக விடுப்பு எடுத்தேன் என்று ஃபோனில் சொன்னேனே, அது சளி இல்லை.

நேற்று மறுபடி வேலைக்குப் போனேன். குவபாரா அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இப்பதான் சீருடை கச்சிதமா இருக்கு.”

நன்றி சொல்லிக் குனிந்தேன்.

துணியைத் துவைத்து மடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பிள்ளை பிறந்ததும் கோயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டிய துணி. இப்போதும் வாங்கிக்கொள்வார்களா என்று அத்தையிடம் நீங்களே கேளுங்கள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

உங்கள் மனைவி