ஃபென்டன்ஸ் சபையின் ஞாயிறு விசாரிப்பு

1997 மே 25, ஞாயிறு

பதினோரு பேர். போன வாரம் பதினாலு. மூன்று பேர் கொண்ட கார்வில் குடும்பம் வியாழக்கிழமைப் படகில் இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூட இல்லை. அவ்வளவு தூரமா போய்விட்டேன் நான் அவர்களுக்கு?

எரிமலை வாயைத் திறப்பதற்கு முன்னால் என் சபைப் பதிவேட்டில் அறுபத்திரண்டு பெயர்கள். இப்போது எங்கள் ஊரான ஃபென்டன்ஸின் கோயில், யாரும் போகக் கூடாத தடுப்புக்கோட்டுக்கு அந்தப் பக்கம், ஜன்னல் மட்டம் வரை சாம்பலில் கிடக்கிறது. நாங்கள் வடக்கே இந்தப் பள்ளிக்கூட முகாமில், மூன்றாம் வகுப்பு அறையில், பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து பாடுகிறோம்.

ஆராதனை முடிந்ததும் விசாரிப்பு. தலைவி நான்தான், வேறு யாரும் மிச்சமில்லாததால். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "உங்க ஆத்துமா எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். மெதடிஸ்டுகள் இந்தத் தீவுக்கு வந்த நாளிலிருந்து இருக்கிற வழக்கம். பதிலும் ஒன்றுதான்: "கிருபையால காக்கப்பட்டிருக்கேன்." எல்லோரும் சொன்னார்கள். பெயருக்கு நேரே 'நலம்', 'நலம்' என்று எழுதினேன். கடைசியில், எங்களில் மூத்தவளான யூடோரா அக்கா என்னைக் கேட்டாள். நானும் அதையே சொன்னேன். மேசைக்கு அடியில் இரண்டு காலும் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

மே 27

செருப்பைக் கழற்றாமலே படுக்கிறேன். யாருக்கும் தெரியாது, போர்வையை இழுத்து மூடிக்கொள்வதால்.

ஜூன் 2, திங்கள்

ஆன்டிகுவாவிலிருந்து போதகர் ஹென்ஸ்லி ஐயா வந்திருந்தார். மாதம் ஒரு முறை வருவார். சுத்தமான வெள்ளைச் சட்டை. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்.

"சிஸ்டர் இஸ்மே, பதினோரு பேருக்கு ஒரு சபைன்னு தனியா எப்படி வெச்சிருக்கிறது? வடக்குச் சபையோட சேத்துடலாம். அக்டோபர்ல வந்து முடிவு சொல்றேன்."

தலையாட்டினேன். வேறென்ன செய்வது? ஆனால் அவர் போன பிறகு பதிவேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஊர் போச்சு. வீடு போச்சு. கோயில் போச்சு. ஃபென்டன்ஸ் என்கிற பெயர் மிச்சமிருக்கிற ஒரே இடம் இந்தச் சபைப் பதிவேடு. அதையும் மூடிவிட்டால் நாங்கள் யார்? பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிற ஆட்கள், அவ்வளவுதான்.

ஜூன் 10

தெல்ஸ்டனோடு சண்டை. என் தம்பிதான், ஆனால் கழுதைகூட இவனைவிடச் சொல்பேச்சு கேட்கும். தினமும் விடிந்ததும் தடுப்பைத் தாண்டித் தோட்டத்துக்குப் போகிறான். கேரட், சர்க்கரைவள்ளி. முகாமில் நாங்கள் சாப்பிடுவதே அவன் தோண்டிக்கொண்டு வருவதுதான், அதனால் காவலில் நிற்கிறவர்களும் கண்டும் காணாமல் விடுகிறார்கள்.

"போகாதேடா."

"போகலைன்னா சாயங்காலம் என்னத்த திம்ப? சாம்பலையா?"

"மலை வெடிச்சா?"

"வெடிச்சா வேகவெச்ச கேரட்டா வரும், உனக்கு அடுப்பு மிச்சம்."

அறையே சிரித்தது. எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

ஜூன் 17

இன்று நான்கு முறை நிலம் ஆடியது. ஒவ்வொரு முறையும் வாசலுக்கு ஓடுகிறேன், வாளி எடுக்கப் போகிறவள் மாதிரி. இன்று யூடோரா அக்கா, "இந்த முகாம்ல உன்னளவு வாளி தேவைப்படுறவ யாருமில்ல" என்றாள். தெரிந்துகொண்டாளோ?

ஜூன் 22, ஞாயிறு

ஒன்பது பேர்.

இன்று விசாரிப்பில் ஒரு சங்கடம். தெல்ஸ்டன் முறை வந்தது. வழக்கமாக ஏதாவது கிண்டல் செய்துவிட்டுப் பதிலைச் சொல்வான். இன்று தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு, "பயமா இருக்குக்கா. அங்க மண்ணு சுடுது. மண்வெட்டியப் போட்டுட்டு ஓடி வந்துடலாம்னு தோணுது" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இவன் ஒருவன் ஆரம்பித்தால் எல்லோரும் ஆரம்பிப்பார்கள், அத்தனை பேரும் அடுத்த படகில் ஏறிவிடுவார்கள், அதற்கப்புறம் சபை எங்கே? "விசாரிப்புல அப்படிச் சொல்லக் கூடாது தெல்ஸ்டன். விசுவாசம் இல்லாத பேச்சு அது. சரியாச் சொல்லு" என்றேன். பள்ளிக்கூட டீச்சர் குரலில்.

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். "சரி. கிருபையால காக்கப்பட்டிருக்கேன்" என்றான். 'நலம்' என்று எழுதினேன்.

சரியாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 25, புதன்

மதியம் ஒரு மணி. இருட்டிவிட்டது. பகலில் இருட்டிவிட்டது. கூரைமேல் கல் விழுகிறது. மலை நெருப்பும் சாம்பலுமாக இறங்கிவிட்டதாம், கிழக்குப் பக்கம் முழுக்க. தெல்ஸ்டன் காலையில் போனான். நான் பார்க்கவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தேன். போகாதேன்னு இன்னிக்குச் சொல்லவே இல்லையே நான்

மாலை. வரவில்லை. வாசலிலேயே நிற்கிறேன். சாம்பலில் நடந்து வருகிற எல்லோரும் ஒரே நிறம், எல்லோரும் தெல்ஸ்டன் மாதிரி. ஒருவனைக் கட்டிப்பிடித்தே விட்டேன். வேறு யாரோ.

ஜூன் 26

ஹெலிகாப்டர் போகிறது, வருகிறது. ரேடியோவில் பெயர்கள் வாசிக்கிறார்கள். உயிரோடு கிடைத்தவர்கள் பெயர் மட்டும். ஒவ்வொரு பெயரின் முதல் எழுத்தும் காதில் விழுவதற்குள் உயிர் போய் வருகிறது.

ஜூன் 27

யாரோ அவனைக் கோயில் பக்கம் பார்த்தார்களாம். இன்னொருவர் இல்லை, தோட்டத்தில்தான் என்கிறார். கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. ஆண்டவரே, என்னைப் பைத்தியமாக்காதே.

ஜூன் 28, சனி

உடலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தோட்டத்திலிருந்து பாதையில் பாதி தூரம் வந்திருக்கிறான். ஓடியிருக்கிறான். ஓடி வந்துடலாம்னு தோணுதுன்னு சொன்னான்ல. சொன்னான்ல என்கிட்ட. நான்தானே சரியாச் சொல்லுன்னு வாயை அடைச்சேன். அன்னிக்கு, சரிடா பயமா இருந்தா போகாதேன்னு ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை. அதுக்குத்தானே அந்தக் கேள்வியே வெச்சிருக்கு? வேற எதுக்கு?

ஜூன் 29, ஞாயிறு

விசாரிப்பை விட்டுவிடலாம் என்றுதான் போனேன். எட்டுப் பேர் அந்தக் குட்டை பெஞ்சுகளில் காத்திருந்தார்கள். பதிவேட்டைத் திறக்க முடியவில்லை. யூடோரா அக்கா முந்திக்கொண்டாள். "இஸ்மே, உன் ஆத்துமா எப்படி இருக்கு?"

"பயமா இருக்கு" என்றேன். "ரெண்டு வருஷமா பயமா இருக்கு. செருப்போட படுக்குறேன். என் தம்பி போன ஞாயித்துக்கிழமை இதே இடத்துல உண்மையைச் சொன்னான். நான் அதைப் பொய்யா மாத்திச் சொல்ல வெச்சேன். நீங்க எல்லாரும் பாத்தீங்க."

எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகட்டும், சபை இன்றோடு முடியட்டும் என்று இருந்தது.

யூடோரா அக்காதான். "நான் மூத்திரம் போகக்கூட தனியாப் போறதில்ல. பேத்தியக் கூட்டிக்கிட்டுப் போறேன், அவளுக்குப் பயம்னு சொல்லிக்கிட்டு."

ஒருவர் சிரித்தார். பிறகு அவரே அழுதார். பிறகு வரிசையாக ஆளாளுக்கு. இரண்டு மணிநேரம் ஆகிவிட்டது. மதியச் சாப்பாடு ஆறிப்போய்விட்டது. ஒருவர் பெயருக்கு நேரேயும் 'நலம்' எழுதவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்.

ஜூலை 13

பதிமூன்று பேர். நான்கு பேர் கத்தோலிக்கர்கள். அடுத்த அறையில் இருப்பவர்கள், சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். "உள்ள வரலாமா?" என்று கதவில் நின்று கேட்டார்கள். வெட்கமாக இருந்தது. அவ்வளவு சத்தமாகவா அழுதோம்?

ஜூலை 27

இருபது. எதிர்ப் பாயில் படுக்கிற மீனவன் ரோல்ஸ்டன், பிறந்ததிலிருந்து கோயில் வாசல் மிதிக்காதவன், வந்து உட்கார்ந்து, "என் ஆத்துமா எங்கிருக்குன்னே எனக்குத் தெரியாது. ஆனா வயித்துக்குள்ள ஏதோ பிசையுது, அது ஆத்துமாவா?" என்றான். இருக்கலாம் என்றேன். எனக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 10

ஏழு பேர் போய்விட்டார்கள். ஆனால் சொல்லிவிட்டுப் போனார்கள். கிளம்புமுன் ஒவ்வொருவரும் விசாரிப்பில் போகப்போவதையும், போவதற்கு எவ்வளவு பயப்படுகிறார்கள் என்பதையும் சொன்னார்கள். நடுவில் அமர்த்தி ஜெபித்து அனுப்பினோம். வேறு முகாம்களிலிருந்து புதிதாகப் பதினைந்து பேர். தூக்கம் இன்னும் வரவில்லை. கண்ணை மூடினால் தெல்ஸ்டன் தொப்பியைத் திருகிக்கொண்டே வருகிறான்.

செப்டம்பர் 23

இரண்டு நாளாக மலை மறுபடியும் கக்குகிறது. வாளி எடுக்காமலே வாசலுக்கு ஓடினேன். ஏற்கெனவே ஆறு பேர் அங்கே நின்றிருந்தார்கள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

போதகர் ஐயா முடிவு சொல்ல வந்தார், ஜூன் வெடிப்புக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. காலையிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. நாற்பத்தோரு பேர். பெஞ்சு போதாமல் பாதிப் பேர் தரையில். ஐயா கதவருகே நின்று தலைகளை எண்ணுவது தெரிந்தது. ஆராதனை முடிந்ததும் விசாரிப்பு ஆரம்பமானது. அவர் முழுக்க உட்கார்ந்து கேட்டார். முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.

எல்லோரும் முடித்தபின் வழக்கத்தை மாற்ற மனம் வராமல் அவரையும் கேட்டேன். "போதகர் ஐயா, உங்க ஆத்துமா எப்படி இருக்கு?"

"கிருபையால காக்கப்பட்டிருக்கேன், சிஸ்டர்."

யூடோரா அக்கா தரையிலிருந்தே, "அதை இங்க யாரும் வாங்குறதில்லீங்க ஐயா. வேற இருந்தா எடுங்க" என்றாள்.

ஆண்டவரே, இந்தக் கிழவி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "படகு கரையை நெருங்கறப்பல்லாம் மலையைப் பாக்காம தரையப் பாத்துக்கிட்டே இறங்குவேன்" என்றார். "இந்தச் சபையை மூடிட்டா மாசாமாசம் வர வேண்டியதில்லைன்னுதான்... கணக்கு, நிர்வாகம், அதெல்லாம் சும்மா. பயம்தான் காரணம். உங்ககிட்டே இதைச் சொல்லியிருக்கணும்."

ரோல்ஸ்டன் எழுந்து தன் இடத்தை அவருக்குக் கொடுத்தான். அவர் போய் உட்கார்ந்தார். முழங்கால் மோவாயில் இடித்தது.

ஃபென்டன்ஸ் சபை ஃபென்டன்ஸாகவே இருக்கும். போகுமுன் என்னிடம் அதைத்தான் சொன்னார். பதிவேட்டில் நாற்பத்திரண்டாவதாக அவர் பெயரை எழுதி, நேரே அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்.

பிறகு அவரைப் படகேற்ற ஒன்பது பேர் துறைவரை நடந்து போனோம். மலை பின்னால் இருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் யூடோரா அக்கா கையை.