நல்லி எலும்பும் கோல்டு அட்டையும்

அம்மாபேட்டை
2-2-2025

அன்புள்ள சகலை இளவழகன் தம்பிக்கு,

ஒரு மானக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். மாட்டுப் பொங்கலன்று மாமனார் வீட்டில் உங்கள் சூட்கேஸில் தொங்கிய, அடிக்கடி பறக்கிறவர்களுக்கு விமானக் கம்பெனி தரும் கோல்டு அட்டையைக் கழற்றியது பிள்ளைகள் இல்லை, நான்தான். என் ரெக்சின் பையில் மாட்டிக்கொண்டு கும்பகோணம் பஸ்ஸில் போனேன். கண்டக்டர், "என்ன சார், உரக்கடையில குடுத்தாங்களா?" என்றார்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் அக்காளும் தங்கையும் நம் போன்களை நம்மைவிட நன்றாகப் படிக்கிறார்கள். அதனால்தான் தபால்.

அந்த வீட்டில் நல்லி எலும்பு மூத்த மாப்பிள்ளை இலைக்குத்தான் வரும். இந்த வருஷம் அத்தை கரண்டியோடு என்னைத் தாண்டிப் போய், "ஆகாயத்துல அலையுற உடம்பு, சின்ன மாப்ள சாப்பிடட்டும்" என்று உங்கள் இலையில் போட்டார். நீங்கள் அதை உறிஞ்சிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நானும் வருஷா வருஷம் ஒரே கொள்முதல் நிலையத்தில் நெல் போடுகிற விசுவாசிதான். எனக்கு உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டா? உங்களுக்கு மட்டும் விமான நிலையத்தில் லவுஞ்சாம், சோபாவாம், ஓசிச் சாப்பாடாம்.

சிங்கப்பூரில் எங்கள் மகள் மாலதிக்கு மார்ச் கடைசியில் பிரசவம். நெல் இன்னும் வயலில் நிற்கிறது. "தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட பறந்து பறந்து பாயிண்ட் குவிஞ்சு கெடக்காம், அதுலயே ஓசி டிக்கெட் போடலாமாம், வாய விட்டுக் கேளுங்களேன்" என்கிறாள் ஜெயபாரதி. கேட்கமாட்டேன். நெல் பணம் வந்ததும் நானே அவளுக்கு டிக்கெட் போடுவேன். பேரப்பிள்ளை அதுவரை பொறுத்துக்கொள்ளட்டும்.

வயிற்றெரிச்சலுடன்,
நெடுஞ்செழியன்

சென்னை
9-2-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பையைவிட உங்கள் சட்டையில் குத்தினால் எடுப்பாக இருக்கும்.

விசுவாசத்துக்கு இப்போது மதிப்பில்லை அண்ணே. முன்பு பறந்த தூரத்துக்குப் பாயிண்ட் போட்டார்கள். இப்போது கொடுத்த காசுக்குப் போடுகிறார்கள். எங்கள் ஆபீசோ இருப்பதிலேயே மலிவான டிக்கெட்தான் எடுக்கும். கோல்டு போய்விடக்கூடாதென்று ஒரு டிசம்பரில் மதுரைக்கு டெல்லி வழியாகப் போனேன். உங்கள் கொழுந்தியாள் எழில்மொழியிடம் சொல்லிவிடாதீர்கள். லவுஞ்சில் இட்லிக்கு ரேஷன் கடை வரிசை. ஆனால் கும்பகோணத்துக் காப்பிக் கடையில் நீங்கள் படியேறும்போதே சர்க்கரை கம்மியாக ஒரு டபரா மேசைக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்த்து நான் வயிறெரிந்தது உங்களுக்குத் தெரியுமா?

என் கோல்டு இந்த மார்ச் 31-ஆம் தேதியோடு முடிகிறது. பாயிண்டும் அன்றைக்கே செத்துப்போகும். வீணாகப் போவதில் அக்கா பறந்தால் எனக்குத்தான் உதவி. திருச்சியிலிருந்து மார்ச் 14-க்கு டிக்கெட் போட்டாயிற்று. கோபிக்காதீர்கள்.

நல்லி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அத்தை பார்க்கிறாரே என்று உறிஞ்சினேன்.

தம்பி,
இளவழகன்

அம்மாபேட்டை
29-3-2025

அன்புள்ள தம்பிக்கு,

பேத்தி பிறந்திருக்கிறாள். மாலதியின் கையைப் பிடித்தபடி ஜெயா பக்கத்திலேயே இருந்தாளாம். நெல் பணம் நேற்றுத்தான் வந்தது. அதை நம்பியிருந்தால் பெயர் வைக்கத்தான் போயிருப்பாள்.

உங்களுக்கு நன்றி சொல்லலாமா என்று யோசித்தேன். எதற்கு? சாகக் கிடந்த பாயிண்டுக்கு வாய்க்கரிசி போட்டது நான். நீங்கள்தான் எனக்குக் கடன்பட்டவர். அதனால் சித்திரையில் மாமனார் வீட்டில் கறி எடுத்தால் நல்லி என் இலைக்கு. அத்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரு வருத்தம் மட்டும். விமான நிலையத்தில் உங்கள் அட்டையை ஜெயாவின் பெட்டியில் மாட்டி, சிவப்புக் கம்பளம் போட்ட வரிசையில் நிறுத்தினேன். அங்கிருந்த பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்து, சிரித்து, "சார், நீங்க அந்த வரிசைக்குப் போங்க" என்று நீள வரிசையைக் காட்டியது. என் வேட்டியைப் பார்த்துத்தான் சொல்கிறது என்று சண்டைக்கே போய்விட்டேன். ஜெயா கையெடுத்துக் கும்பிட்டு இழுத்துப் போனாள். அந்த அட்டையே இனி வேண்டாம். இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

மூத்த மாப்பிள்ளை,
நெடுஞ்செழியன்

பி.கு.: கவரில் வைக்கும்போது கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு தேதி இருக்கிறது: 31 மார்ச் 2023 வரை. அப்படியென்றால் ஜெயா எந்தப் பாயிண்டில் போனாள், தம்பி?