கருகமணியும் மாவுக்கட்டும்

காஞ்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் நஸ்னீனுக்கு,

அம்மா சைதுன் சலாம் சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் வைத்த இடத்தில் நானும் உன் அத்தாவும் நல்லபடியாகத்தான் இருக்கிறோம், முட்டிக் காயம் ஆறிவிட்டது, தொழுகையில் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை இம்தியாஸும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய்? நான் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் நீ ஒன்பது வார்த்தை பேசிவிட்டு, டியூட்டிக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுகிறாய். காகிதம் குறுக்கே பேசாது. பக்கத்துத் தெரு குமரகுரு லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் இதையும் வத்தல் பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். பொட்டலத்தைப் பிரிக்கும் முன்னால் இதைப் படி.

செயின் விஷயம்தான். நீ பாதி கேட்டு, மீதியை நீயாகவே முடிவு செய்துகொண்டு என்மேல் கோபத்தில் இருக்கிறாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அன்றைக்கு மாவு மில்லிலிருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு பிள்ளையார்பாளையம் வழியாக வந்துகொண்டிருந்தேன், சாயங்கால வெயில்கூட இறங்கவில்லை, பின்னாலிருந்து ஒரு பைக் உரசுகிற மாதிரி வந்தது, பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் கழுத்தில் கை போட்டு இழுத்தான். இரண்டு பேரும் ஹெல்மெட். இந்த ஊரில் ஹெல்மெட் போடுங்கள் என்று போலீஸ் தொண்டை கிழியக் கத்துகிறது, சொன்ன பேச்சைக் கேட்டவர்கள் அந்த இரண்டு பேர்தான். முகம் என்று ஒன்றை நான் பார்க்கவே இல்லை. நான் ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த தங்கச் செயின் அவன் கையோடு போய்விட்டது, அதில் கோத்திருந்த என் கல்யாணத்துக் கருகமணி மட்டும் தெருவெல்லாம் சிதறிக் கிடந்தது. தறியை விட்டு எழுந்து ஓடிவந்த ஜெயம்மாள் என்ன செய்தாள் தெரியுமா, மாவு, மண், மணி எல்லாவற்றையும் சேர்த்து முறத்தில் வாரி, அவள் வீட்டுச் சல்லடையில் போட்டுச் சலித்தாள். அழாதக்கா, தங்கம் போனா போவுது, மணிய எடுத்துடலாம் என்று சொல்லிக்கொண்டே பொறுக்கி என் முந்தானையில் முடிந்து அனுப்பினாள். அந்த மணியெல்லாம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, இதை நினைவில் வைத்துக்கொள்.

ஸ்டேஷனில் புகார் எழுதியவர், பொம்பளை கழுத்திலிருந்து போனால் அது தாலிச் செயின்தான் என்று பழக்கத்தில் எழுதிவிட்டார். சார், எங்க வீட்டுல தாலி கிடையாதுங்க, கருகமணிங்க என்று அத்தா சொன்னதற்கு, எல்லாம் ஒண்ணுதான் பாய், கையெழுத்து போடுங்க என்றார். அத்தாவும் சரிதானே என்று தலையாட்டினார், நானும் போட்டுவிட்டு வந்தேன். முட்டி வலியில் யார் அதைப் பார்த்தது?

அடுத்த வாரமே பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஓரிக்கைப் பையன், பேர் தனுஷ், ஜரிகைக் கடைகளுக்கும் அச்சாபீசுக்கும் சரக்கு ஏற்றுகிற குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். வலது கையில் மாவுக்கட்டோடு தரையில் உட்கார வைத்து எடுத்த போட்டோ வாட்சாப்பில் ஊரெல்லாம் சுற்றியது. அத்தா கடையிலிருந்தே பத்துப் பேருக்கு அனுப்பினார். நீ அதைப் பேஸ்புக்கில் போட்டு, என் அம்மா கழுத்தில் கை வைத்தவன் கைக்குக் கிடைத்த பரிசு, சபாஷ் போலீஸ் என்று எழுதி, கைதட்டுகிற பொம்மை எல்லாம் வைத்தாய். நான் மட்டும் என்ன, கழுத்துக் கீறலுக்கு மருந்து தடவிக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தேன், நல்லா வேணும் என்றுதான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு அடையாளம் பார்க்க வாருங்கள் என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே எஸ்.ஐ. வீரபாகு என்று ஒருத்தர், மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். கை எப்படி உடைந்தது என்று கேட்டேன். பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாம்மா என்றார். ஊரில் பிடிபடுகிற பையன்கள் எல்லாரும் போய் விழுவது அந்த ஒரு பாத்ரூமில்தான். அந்த டைல்ஸைப் பேத்துட்டு சிமெண்ட் போட்டா பாதி கேஸ் கொறஞ்சிடும் என்று அத்தா வீட்டுக்கு வந்து சொன்னார், ஸ்டேஷனில் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தி, அம்மாகிட்ட சொல்றா என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி அவன் சொன்னான், நான்தாம்மா தாலிச் செயினை அறுத்தேன், செயினை அடகுக் கடையில குடுத்துட்டேன், தாலிய ஏரியில போட்டுட்டேன், மன்னிச்சிடுங்கம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தத் தாலிப்பா என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, எஸ்.ஐ.யைப் பார்த்தான். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை, நஸ்னீன். அறுத்தவனாக இருந்தால் உள்ளங்கையில் நாலு கருகமணியாவது ஒட்டியிருக்கும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் மணி என்றுதான் வாயில் வரும். இவனுக்கு வந்தது அந்தப் புகாரில் இருந்த வார்த்தை.

குழப்பாதீங்கம்மா, பயத்துல மாத்திச் சொல்றான் என்று சொல்லி எஸ்.ஐ. ஒரு கவரிலிருந்து செயினை எடுத்து என் கையில் வைத்தார். கையில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, நீ வாங்கிக் கொடுத்ததைவிடக் கனம். திருப்பிப் பார்த்தால் கண்ணி இடுக்கிலெல்லாம் மஞ்சள் ஏறியிருக்கிறது. நான் என்றைக்கடி மஞ்சள் பூசினேன்? எந்த வீட்டுப் பெண் தினமும் குளித்துவிட்டு மஞ்சள் வைத்து வந்த செயினோ, அடகுக் கடைக்காரரை மிரட்டி வாங்கி வந்தார்களோ, எனக்குத் தெரியாது. இது என்னது இல்ல சார் என்றேன். யோசிச்சுச் சொல்லுங்க, கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டு வாங்கிக்கலாம், இதவிட நல்லதா கெடைக்குமா என்றார். வாசலில் பிரவீனா என்கிற பெண் போலீஸ், உன் வயசுதான் இருக்கும், என் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். ஆன்ட்டி, திருவிழா வருது, அதுக்குள்ள பெண்டிங் கேஸ் எல்லாத்தையும் முடின்னு மேல இருந்து ஒரே டார்ச்சர், எங்களுக்கு லீவே இல்ல, நீங்க தலையாட்டினா போதும் ஆன்ட்டி என்றாள். கண்ணெல்லாம் உள்ளே போய்க் கிடந்தது, பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக என் தலையை அவளிடம் கொடுக்க முடியுமா?

வீட்டுக்கு வந்தால் அத்தா பழைய பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நீ ஏற்பாடு செய்த உம்ராவுக்கு மக்கா போகத்தான் புதுப்பிக்க மனுக் கொடுத்திருக்கிறோம், விசாரணை அதே ஸ்டேஷனுக்குத்தான் வரும். நமக்கு எதுக்கு சைதுன் ஊர் வம்பு, யானை அசைஞ்சு தின்னும், போலீஸ் அசையாம தின்னும் என்று புலம்பினார். அன்றைக்குத்தான் நீயும் போன் செய்தாய். அவன் மேல ஏற்கெனவே அடிதடி கேஸ் இருக்குதாமே, யோக்கியனா இருந்தா ஏன் அவனப் புடிக்கறாங்க, ஆமான்னு சொல்லிட்டு செயின வாங்குமா என்று கத்தினாய். அடிதடி கேஸ் உண்மைதான், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ வண்டி நிறுத்துகிற தகராறு. அதனால்தான் எது தொலைந்தாலும் முதலில் அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அவன் யோக்கியன் என்று நான் சான்று கொடுக்கவில்லை, அவனோடு நான் பழகியதும் இல்லை. ஆனால் நான் பார்க்காத முகத்தைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வேன்? பொய் சாட்சி சொல்லிட்டு அந்தக் காலோட கஅபாவச் சுத்தலாமாங்க என்று அத்தாவைக் கேட்டேன். பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு அஸர் தொழப் போய்விட்டார், அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஜெயிலில் அடையாள அணிவகுப்பு என்று சம்மன் வந்தது, வாடகைக் காரில் அத்தாதான் கூட்டிப் போனார். மாஜிஸ்திரேட் சின்ன வயசுப் பெண், கண்டிப்பான முகம். உள்ளே பத்துப் பேர் போல வரிசையாக நிற்கிறார்கள், மாவுக்கட்டு தெரியக் கூடாது என்று எல்லாருக்கும் கழுத்து வரை போர்வை போர்த்தி, முடி வெட்டக் காத்திருக்கிறவர்கள் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அந்தப் பையன் நடுவில் நின்றான், உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் பிஸ்மி சொல்லிக்கொண்டேன். செயினை அறுத்தவர் இதில் இருக்கிறாரா என்று கேட்டார்கள். நான் சொன்னேன், அறுத்தவன் மொகத்த நான் பாக்கலம்மா, ஹெல்மெட் போட்டுக்கினு இருந்தான், நடுவுல நிக்கிற இந்தப் பையனத் தெரியும், ஸ்டேஷன்ல எனக்குக் காட்டினாங்க, தாலிய அறுத்தேன்னு சொன்னான், என் கழுத்துல தாலியே கிடையாதும்மா, அங்க எனக்குக் காட்டின செயினும் என்னது இல்ல. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஸ்டேஷனில் காட்டினார்களா என்று மறுபடியும் கேட்டார். ஆமாம்மா என்றேன். அணிவகுப்புக்கு முன்னாலேயே ஆளைக் காட்டக் கூடாதாம், அதையும் எழுதிக்கொண்டார். போர்வைக்குள்ளிருந்து அந்தப் பையன் அழுகிற சத்தம் கேட்டது, நான் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

இப்போது அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. கேஸ் முடியவில்லை, கோர்ட்டில் நிற்கிறது, மறுபடியும் என்னைக் கூப்பிடுவார்களாம், போய் இதையேதான் சொல்வேன். கை கோணலாகச் சேர்ந்துவிட்டதாம், கட்டு பிரித்தாலும் வண்டி ஓட்டுவது கஷ்டம், முதலாளி வேறு ஆளைப் போட்டுவிட்டார். ஸ்டேஷனில் அடித்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லேன் என்றால் இன்னும் பயத்தில் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறானாம், அவனுடைய வக்கீல் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறார். வீரபாகு நம்மிடம் சத்தம் ஒன்றும் போடவில்லை, கடைப்பக்கம் வந்தபோது, சரி பாய், இனிமே செயின் எங்கன்னு கேட்டுக்கினு வராதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒருத்தர் வந்தார், கேட்டதையே ரெண்டு தரம் கேட்டார், போனார், அதன் பிறகு பேச்சில்லை. உம்ராவுக்கு அழைப்பு அல்லாஹ்விடமிருந்து வர வேண்டும், அது வரும்போது வரும். என் செயினை அறுத்தவன் மட்டும் ஜாலியாக எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறான், அவனை இனிமேல் யாரும் தேடப் போவதில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

புதுச் செயின் வாங்கி அனுப்பாதே, சொல்லிவிட்டேன். கருகமணியைக் கறுப்புப் பட்டு நூலில் ஜெயம்மாளே கோத்துக் கொடுத்தாள், கழுத்துக்கு அது போதும், அதை அறுக்க எவனும் பெட்ரோல் செலவு பண்ணிக்கொண்டு வர மாட்டான். குழந்தைக்குக் காது வலி என்றாயே, தலைக்கு ஊற்றிய பிறகு காதை நன்றாகத் துடை, ஏசிக்கு நேராகப் படுக்க வைக்காதே. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீயும் கோபத்தைக் குறை, உனக்கு அது அத்தா வழிச் சொத்து.

இன்னொன்று. நேற்று அந்தப் பையனின் அம்மா கங்கையம்மாள் வந்தாள். ஏனாத்தூரில் காலேஜ் ஹாஸ்டல் சமையல்கட்டில் வேலை செய்கிறவள். உள்ளே வா என்றால் வரவில்லை, வாசல்படியிலேயே நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. ஹாஸ்டல் பிள்ளைகள் அந்தப் போட்டோவைக் காட்டி, இது உங்க பையனாக்கா என்று கேட்கிறார்களாம், தினமும் ஒரு பிள்ளை கேட்கிறதாம். கேஸு அது பாட்டுக்கு நடக்கட்டும்மா, அந்தப் படத்த எடுக்கச் சொல்லி எந்த ஆபீசுல மனு குடுக்கணும், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். இரும்மா, கேட்டுச் சொல்றேன் என்று சொல்லி அனுப்பினேன். உன் பேர் போட்டு, என் பேரைச் சொல்லி, கைதட்டுகிற பொம்மையோடு அது இன்னும் அங்கே இருக்கிறது, அத்தா போனில் பார்த்தேன். அவளுக்கு அது யார் போட்டது என்று தெரிந்திருக்குமோ என்னவோ, என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

அல்லாஹ் உனக்கும் உன் பிள்ளைக்கும் நீண்ட ஆயுளையும் நல்ல மனசையும் கொடுக்கட்டும், எவர் கண்ணும் படாமல் காக்கட்டும். வத்தலை வெயிலில் ஒருதரம் காட்டிவிட்டு டப்பாவில் போடு. அதற்கு முன்னால் அந்தப் படத்தை எடு. எடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணு, நான் ஏனாத்தூர் போய் அவளிடம் என் மகள் எடுத்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும்.

உன் துஆவை நாடும் அம்மா,
க. சைதுன்