ஒருவருக்குப் பாய் என்றால் எல்லோருக்கும் பாய்

பெப். 12, வியாழன்

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

காலையிலிருந்து பனி. காரின் கண்ணாடியைச் சுரண்டிக் கை விறைத்துப்போயிற்று.

எங்கள் கட்டடத்து ஒன்பதாம் மாடி மிஸ் லொறேன் வந்தார். ஓய்வுபெற்ற தாதி. அமெரிக்கத் தெற்கில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய விடுதிப் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளிக்கு ஞாயிறு அவருடைய தேவாலயத்தில் கௌரவிப்பு. பள்ளியின் மாணவர் பாடகர் குழு ஊர் ஊராகப் பாடிக்கொண்டு எல்லை தாண்டி இங்கும் வருகிறது. சாமான் ஏற்றி இறக்க உதவி வேண்டுமாம். சரி என்றேன். நானும் விடுதிப் பள்ளிக்காரன், பாடகர் குழுவில் இருந்தவன் என்பதைச் சொல்லவில்லை.

எங்கள் யாழ்ப்பாணப் பள்ளியின் பழைய மாணவர் சங்கத் தலைவர் சிவராசாவும் அன்று அங்கே வாழ்த்துரை சொல்கிறானாம். என் வகுப்புக்காரன். மைக் இருக்கிற இடமெல்லாம் இருப்பான்.

பெப். 13, வெள்ளி

மைனஸ் பதினெட்டு. பால், முட்டை, கார் நிற்கும் இடத்துப் பனிக்கு உப்பு.

மிஸ் லொ.விடம் கேட்டவை: பயணத்தில் பாடம் எப்படி? பஸ்ஸிலேயே. அங்கிகளை யார் தேய்ப்பது? அவரவர். தொண்டை கட்டினால்? வாய் திறக்கக் கூடாது, ஆனால் வரிசையில் நிற்க வேண்டும்.

அவர் காலத்தில் ஹோட்டல்கள் கறுப்பருக்கு அறை தராதாம். சபையாரின் வீடுகளில் இரண்டிரண்டு பேராகத் தங்குவார்களாம். நாங்களும் அப்படித்தான் தங்கினோம். இரண்டிரண்டு பேராக.

இதற்கு மேல் இன்று வேண்டாம்.

பெப். 14, சனி

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பக்கத்து ஊர் பிக்கரிங்கில் ஒரு சபையார் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல், அங்கே தங்கவிருந்த இரண்டு பெண்களுக்கு இடமில்லை. ஹோட்டலில் போடலாம் என்றார் சபைக்காரர் ஒருவர். கூட வந்த ஆசிரியை வேண்டாம் என்றார். யாரும் சொல்லாமலே மற்றப் பிள்ளைகள் கார்களில் ஏற்றிய பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்கள். எல்லோரும் தேவாலய மண்டபத் தரையில். மார்க்கம் ஊரில் இடம் தரவிருந்த வீட்டுக்காரி ஒருவருக்குக் கோபம், சமைத்து வைத்தாராம். பிறகு சட்டியோடு மண்டபத்துக்கே வந்தார். நான் பாய் வாங்க ஓடினேன்.

ஏன் இப்படி? மிஸ் லொ. சொன்னார்: பள்ளியின் வழக்கம். ஒருவருக்குப் படுக்கை இல்லையென்றால் ஒருவரும் படுக்கையில் படுப்பதில்லை. அவர் காலத்தில், தங்கள் கறுப்பினச் சபைக்காரி ஒருத்தியே, நிறம் மிகக் கறுப்பு என்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பினாளாம். அன்று முழுக் குழுவும் பஸ்ஸில் படுத்தது. கூடிப் பேசி முடிவெடுத்தீர்களா என்று கேட்டேன். பேச என்ன இருந்தது, தலையணையை எடுத்துக்கொண்டு நடந்தோம் என்றார்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

பள்ளி நாளில், யாழ்ப்பாணத்தை அடுத்த ஒரு தீவுக்குப் பாடப் போயிருந்தோம். எனக்கும் சிவராசாவுக்கும் ஒரே வீடு. வீட்டுக்காரர் என் தகப்பனின் பெயரைக் கேட்டார், தொழிலைக் கேட்டார். சாதி தெரிந்துவிட்டது. சிவராசாவுக்குக் கட்டில். எனக்குத் தேவாலய விறாந்தை. காலையில் குழு முழுவதும் என்னை அங்கே கண்டது. கூட வந்த பாதரும் கண்டார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைய பூசையில் தனிப்பாட்டு நான்தான்.

பெப். 15, ஞாயிறு

வெயில். பிள்ளைகள் பாடினார்கள். வாத்தியம் இல்லை, காலால் தாளம். சொல் வருமுன்பே ஒரு முனகல், எந்த வரிசையில் தொடங்கியது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு சிவராசா. ஒதுக்கப்படுவது என்றால் என்னவென்று எங்கள் பள்ளிக்கும் தெரியும் என்றான். கைதட்டல்.

அவனைக் கோப்பி மேசையடியில் பிடித்தேன். தீவு நினைவிருக்கிறதா என்றேன்.

"உந்தக் கதையை இப்ப ஏன் மச்சான் கிளறுறாய்? சின்னப் பெடியள் நாங்கள். என்ன செய்திருக்கேலும்?"

"நீயும் வெளியில வந்து படுத்திருக்கலாம்."

சிரித்தான். "விறாந்தையில நுளம்படா."

பக்கத்தில் அவன் மகள். "வட் மொஸ்கிற்றோஸ், அப்பா?"

"ஒண்டுமில்லை மகள். ஊர்க்கதை."

பெப். 16, திங்கள்

விடுமுறை. பஸ் போய்விட்டது. பாய்களை மடித்துக் கட்டி வைத்தேன்.

தீவில் நடந்ததையும் மண்டபத்தில் பார்த்ததையும் சங்கத்தின் முகநூல் குழுவுக்கு எழுதி முடித்தாயிற்று. என் பெயர் போடுவதா? போட்டால் உவனுக்குப் பழைய கோபம் என்பார்கள். உவன் என்ன ஆக்கள் என்று என் சாதியைத் தங்களுக்குள் சொல்லி, அதோடு கதையை முடிப்பார்கள். போடாவிட்டால் விறாந்தையில் படுத்தவன் யாரென்று தேட வேண்டும். தேடுகிறவனுக்கு, அன்று தான் எங்கே படுத்தான் என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

பெயரில்லாமலே போடுகிறேன்.