இத்தாலி மலையை இடமாகச் சுற்றுவது

மார்ச் 3, திங்கள்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. காலையில் சைக்கிளில் கோடம்பாக்கம் பாலம். ஏறி, இறங்கி, திரும்ப ஏறி. இந்தத் தட்டை ஊரில் வேறு மேடு ஏது? பாலத்தடி டீக்கடையில் ஒரு பெரியவர்: "இன்னா நைனா, எதுனா தொலைச்சிட்டியா? காலைலேர்ந்து தேடிக்கினே கீறே."

இத்தாலியிலிருந்து மேப் வந்துவிட்டது. என் கூட்டாளி ஸேவியரின் தாய்மாமா அங்கே ஒரு மலையூரில் பங்குச் சாமியார். எங்களுக்கு ஃபாதர் மாமா. மே மாசம் எங்களை வரச் சொல்கிறார். தங்க இடம், கியர் வைத்த சைக்கிள், எல்லாம் அங்கேயே. ஒரே கண்டிஷன். சுற்றியுள்ள குன்றுகளை ஒரே நாளில் சைக்கிளில் சுற்றிவிட்டு இருட்டுமுன் திரும்ப வேண்டும். வழியை நாங்களே போட்டு, ஞாயிறு போனில் சொல்ல வேண்டும். அவருக்குத் திருப்தியானால்தான் அழைப்புக் கடிதம். "நடுவுல உக்காந்துட்டா நான் கார் எடுத்துக்கிட்டு வரமாட்டேன் தம்பி."

கேட்பது நியாயம்தான். இன்ஜினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டவன் நான். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. பார்வைதான்.

முடிப்பேன்.

மார்ச் 4, செவ்வாய்

கரண்ட் இல்லை. மொட்டை மாடி. மேப் பறக்காமல் மூலைக்கு ஒரு செங்கல். அம்மாவின் தையல் நூலை ரோட்டின் வளைவெல்லாம் படிய வைத்து அளந்தேன். 110 கி.மீ. வருகிறது.

வழி போட்டாயிற்று. ஃபாதர் மாமாவின் ஊர் மேற்கு ஓரத்தில், உச்சியில். அங்கிருந்து வடக்கே நீளமான சாய்வு, இறக்கம். கிழக்கே திராட்சைத் தோட்டம், இரண்டு குன்று. பிறகு தெற்கே ஆற்றோரம். கடைசியில் தெற்குப் பக்கமாக ஊருக்கு ஏற்றம். அந்த இடத்தில் ரோடு குடல் மாதிரி மடிந்து மடிந்து கிடக்கிறது. பார்த்துக்கொள்ளலாம்.

வாங்க: டியூப், பஞ்சர் சொல்யூஷன், கடலை மிட்டாய் (அங்கே கிடைக்காது). மே மாசம் அங்கே குளிருமா? ஸேவியரைக் கேட்டால், "உனக்கு எங்க போனாலும் வேர்க்கும்" என்கிறான்.

மார்ச் 6, வியாழன்

முழங்கால் வலி. தைலம். அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு பேப்பர் படித்தார். 

மார்ச் 8, சனி

ஒத்திகை. விடியுமுன் கிளம்பி, அடையாறு, கோவளம், கேளம்பாக்கம், வண்டலூர், தாம்பரம். கடைசியில் பரங்கிமலை ஏற்றம். அந்தத் தெற்கு ஏற்றத்துக்கு நம்மூர்ப் பதில். தாம்பரம் தாண்டியதும் கால் மரக்கட்டை. மலை ரோட்டில் பாதி கூட இல்லை, இறங்கிவிட்டேன். தள்ளினேன். இரண்டு சிஸ்டர்கள் என்னைத் தாண்டி நடந்தே போனார்கள்.

மேலே சர்ச் வாசலில், எனக்கு முன்பே வந்துவிட்ட ஸேவியர் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். மேப்பை இன்றுதான் முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தான்.

"டேய், நாள் பூரா மிதிச்சிட்டு கடைசில இப்படி ஒரு ஏத்தத்த எவனாவது வெப்பானா?"

"ரோடு அப்படி இருக்குடா."

"ரோடு இல்ல மச்சி, நீ. ஏன் இப்டிக்கா சுத்தற? திருப்பிப் போடு. செங்குத்தெல்லாம் காலைலயே இறக்கமாயிடும். சாயங்காலம் வடக்கு சாய்வுல மெதுவா ஏறிடலாம்."

"அது இடமா சுத்தற மாதிரிடா."

"சுத்தினா?"

நான் வடக்கு மாட வீதியில் பிறந்தவன். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கோயிலானாலும் குளமானாலும் வலமாகத்தான். இடமாகச் சுற்றுவது சாவுக் காரியத்துக்கு. யோசிக்கவே இல்லை. பென்சில் தானாக வலமாகப் போயிருக்கிறது. என் மண்டையில் இதுவும் ஒரு கோயில்.

"இத்தாலில எந்த சாமிடா கோச்சுக்கப் போவுது?" என்றான். வாழைப்பழத் தோலை என் கையில் கொடுத்துவிட்டு.

ரப்பரால் அம்புக்குறிகளை அழித்தேன். திருப்பிப் போட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

போன் கீழ் போர்ஷன் மாமி வீட்டில். அம்மாவும் கூடவே இறங்கி வந்தாள், ஃபாரின் கால் என்றால் ஒரு மரியாதை. லைனில் கடல் மாதிரி இரைச்சல்.

"ஒத்திகை பாத்தீங்களா தம்பி?"

ஸேவியர் என்னைப் பார்த்தான். சமாளிக்கலாமா என்று ஒரு விநாடி.

"பாத்தோம் ஃபாதர். பரங்கிமலைல இறங்கித் தள்ளினேன்."

"அதுக்கேவா? இங்க தெற்கு ஏத்தம் அத மாதிரி அஞ்சாறு இருக்குமே!"

"அதான் வழியத் திருப்பிட்டோம். தெற்கால இறங்கி, வடக்கால ஏறுவோம். இடமா சுத்தி."

இரைச்சல். பிறகு சிரிப்பு. "இங்க பால்காரன்கூட அப்படித்தான் வருவான். சரி, லெட்டர் போடறேன். பிரேக்கைப் பாத்துக்க."

ஸேவியர் மாமி வீட்டு ஹாலிலேயே குதித்தான். திரும்பினால் அம்மா முகம்.

"அப்பிரதட்சிணமாவா சுத்தப் போறே?"

"அது ரோடும்மா. கோயில் இல்ல."

"கடல் தாண்டிப் போறச்சே இப்படியா ஆரம்பிக்கறது? ஒண்ணும் வேண்டாம்."

மாடி ஏறிவிட்டாள். என் பாஸ்போர்ட் அவள் பீரோவில். சாவி அவள் இடுப்பில்.

மார்ச் 10, திங்கள்

மேகமூட்டம். காபி வந்தது, பேச்சு வரவில்லை. பாலத்துப் பயிற்சி கட். மேப்பை அடுக்களைத் தரையில் விரித்தேன். தெற்கு ரோட்டைக் காட்டினேன். வலமாகப் போனால் இங்கே இறங்கித் தள்ளுவேன், இருட்டிவிடும், ஃபாதர் மாமாவும் கார் எடுத்துக்கொண்டு வரமாட்டார். அவ்வளவுதான் சொன்னேன்.

அம்மா ஒவ்வொரு மடிப்பிலும் விரலை ஓட்டினாள். மாவு ஒட்டிய விரல்.

"இத்தனை வளைவா?"

"ம்."

"அந்த ஊர்ல சர்ச் இருக்கோல்லியோ?"

"ஃபாதர் மாமா இருக்கறதே அதுலதான்."

"கிளம்பறச்சே அத ஒரு தடவை பிரதட்சிணமா வந்துடு. அப்புறம் எந்தப் பக்கமா வேணா தொலை."

"அது சர்ச்சும்மா."

"சாமிதானே. இதையாவது முடிச்சுண்டு வா."

பீரோ திறந்தாள். பாஸ்போர்ட்டில் பாச்சை உருண்டை வாசனை.

பிளானில் முதல் வரி மாற்றம். கி.மீ. 0: சர்ச், வலமாக ஒரு ரவுண்டு. பிறகு தெற்கே இறக்கம், இடமாக. பிரேக் கட்டை புதுசு வாங்க வேண்டும்.