தானாகப் பொருந்தும்

மார்ச் 3

புரொபசருக்கு,

போன் செய்தால் "யாரு? எந்த டிபார்ட்மென்ட்?" என்பீர்கள். காது மெஷினை டிராயரில் வைத்துவிட்டுப் போனை எடுக்கிற ஆளிடம் என்ன பேசுவது? அதனால் கடிதம்.

உங்கள் பழைய மாணவர் கூப்பிட்டார். இப்போது உங்கள் நாற்காலியில் இருக்கிறாராம். உங்கள் எழுபது வயது நிறைவுக்குக் கட்டுரை மலர் போடுகிறார்கள். "மேடம், கிரேக்க ஜாடிகளுக்கு சார் செஞ்சதை நாங்க எழுதிக்கிறோம். வீட்டுல சார் எப்படின்னு நீங்க ஒரு பக்கம் தரணும்." நாம் பதினோரு வருஷமாக வேறு வேறு ஊரில் இருப்பது அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் தெரியாத மாதிரியா? எதுவானாலும் உங்களிடம் படித்தவர்தான்.

என்ன எழுத? நீங்களே சொல்லுங்கள்.

முழங்காலுக்குச் சொன்ன பயிற்சியைச் செய்ய மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
"சார் வீட்டம்மா"

*

மார்ச் 9

அன்புள்ள முரட்டுக் கைக்காரிக்கு,

உன் சோற்றில் நான் மண்ணள்ளிப் போட்டேன் என்று எழுது. உவமை இல்லை. சாப்பாட்டு மேசையில் மணல் தட்டு இருந்தது. ஒட்டிய ஜாடிச் சில்லுகளைப் பசை காயும்வரை அதில் நட்டு வைப்பேன். நீ பக்கத்திலேயே சோறு போடுவாய். பல்லில் நறநறக்கும். "இது எந்த நூற்றாண்டு?" என்பாய்.

மற்றவர்கள் எப்படியும் அந்த ஜாடியைத்தான் எழுதுவார்கள். நீ எப்போதும் பாதிக் கதையில் எழுந்து போவாய், அதனால் முழுதாகச் சொல்கிறேன். போருக்குக் கிளம்புகிறவன் ஒரு சில்லில். கிண்ணம் ஏந்தி வழியனுப்புகிறவள் இன்னொரு சில்லில். மியூசியமே ஒட்டச் சொன்னது. உண்மையான ஓரங்கள் சேரும்போது விரல் நுனியில் சின்னதாக ஒரு 'டக்' தெரியும். தெரியவில்லை. ஒட்ட மாட்டேன் என்றேன். பல வருஷம் சிரித்தார்கள். கடைசியில் அவனுடைய ஜாடி வேறு, அவளுடையது வேறு என்று ஆனது. என் பெயர், என் நாற்காலி எல்லாம் அந்த ஒரு மறுப்பில் வந்தவை.

முழங்கால் கிடக்கட்டும். இதயத்தில் ஒரு வால்வு சரியில்லையாம். அடுத்த மாதம் ஆபரேஷன். மலரில் போடாதே.

புரொபசர்

*

மார்ச் 15

அன்புள்ள உங்களுக்கு,

வால்வைக் கடைசி வரியில் எழுதுகிற மனிதர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

மற்றவர்கள் எழுதியதை மாணவர் அனுப்பியிருந்தார். எல்லோரிடமும் உங்களுடைய அதே வாக்கியம்: "பொருந்துறது தானாப் பொருந்தும். அழுத்தாதே."

என் பிசியோதெரபித் தொழில் உங்களுக்குத் தெரியும். இறுகிப்போன தோளைத் தானாக அசையட்டும் என்று விட்டால் ஆயுசுக்கும் அசையாது. அழுத்த வேண்டும். கத்துவார்கள். திட்டுவார்கள். அப்புறம் கையைத் தூக்குவார்கள்.

எனக்கு இந்த ஆஸ்பத்திரியில் வேலை வந்தபோது "போகட்டுமா?" என்றேன். "உன் இஷ்டம்" என்றீர்கள். கிளம்பிய அன்று பெட்டியை நீங்களே டாக்சியில் ஏற்றினீர்கள். "குடை எடுத்துக்கிட்டியா?" நான் வாசலில் நின்று சாவியைத் தேடினேன். கைப்பையைக் கவிழ்த்துத் தேடினேன். டிரைவர் ஹார்ன் அடித்தான். நீங்கள் எனக்காக டாக்சிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

இது மலருக்கு இல்லை. எனக்கு. நான் போக வேண்டும் என்றா நினைத்தீர்கள்? ஒரு வரி போதும்.

நான்

*

மார்ச் 21

முரட்டுக் கைக்காரிக்கு,

சாவி உன் இடது கையில் இருந்தது. பார்த்தேன்.

ஏதாவது 'டக்'கென்று தெரியும் என்று நின்றேன். எனக்கு அப்படித்தான் நிற்கத் தெரியும்.

இப்போது மேசையில் ஆற்றுப்படுகையிலிருந்து வந்த இரண்டு சில்லுகள். தண்ணீர் ஓரங்களைத் தின்றுவிட்டது. ஆனால் ஒரே கிண்ணம்தான். உள்பக்கம் குயவனின் விரல் பதிந்த வரி ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓடுகிறது. மணலில் நட்டால் சரிகிறது. தேய்ந்த ஓரங்களைக் கையால் பிடித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும் போல. இதை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

ஆபரேஷன் ஏப்ரல் 2. இதற்குக் கீழே "உன் இஷ்டம்" என்று எழுதி அடித்திருக்கிறேன்.

வா.

*

மார்ச் 25

அன்புள்ள உங்களுக்கு,

வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி.

வெள்ளியே வரலாம், லீவு தருவார்கள். வரப்போவதில்லை. ஒரு 'வா'வுக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. எனக்காக இரண்டு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருங்களேன். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

மலருக்கு என் பக்கத்தை அனுப்பிவிட்டேன். சோற்றில் மண் இருந்ததை மட்டும் எழுதினேன்.

மேசையில் ஒரு தட்டு வைக்க இடம் ஒதுக்குங்கள். மணல் இருந்தால் இருக்கட்டும்.

உங்கள்
முரட்டுக் கைக்காரி

*

ஏப்ரல் 7

என்னங்க,

சனிக்கிழமை சாயங்காலம் என்றார்கள். வாசல் நாற்காலியிலேயே. நான் அப்போது பெட்டியில் எந்தப் புடவையை வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். "வெள்ளிக்கிழமையிலேருந்தே கதவைத் தொறந்து போட்டு வாசல்ல உக்காந்திருந்தார். 'ஞாயித்துக்கிழமைதானே சார் வர்றாங்க?'ன்னேன். 'சொல்ல முடியாதும்மா, முன்னாடியே வந்தாலும் வந்துடுவா'ன்னார்."

மேசையில் ஒரு ஓரம் துடைத்திருந்தது. ஒரு தட்டு அளவுக்கு.

மலரை நினைவு மலர் ஆக்கிவிட்டார்கள். எல்லோருடைய கட்டுரையிலும் 'இருக்கிறார்' என்பதை 'இருந்தார்' என்று திருத்த வேண்டியிருந்ததாம். உங்கள் மாணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், உங்க பக்கத்துல மட்டும் எதையும் மாத்த வேண்டியிருக்கலை."

அந்த இரண்டு சில்லுகளும் மணலில் சரிந்து கிடந்தன. உள்பக்கம் தடவிப் பார்த்தேன். வரி ஓடுகிறது. உங்களுக்குச் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது.

இடது கையால் சேர்த்துப் பிடித்திருக்கிறேன். வலது கையால் எழுதுகிறேன். தாள் நழுவுகிறது, எழுத்து கோணல். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு டிபார்ட்மென்ட் வண்டி வரும், எல்லாவற்றையும் எடுத்துப்போக. அதுவரை விட மாட்டேன்.

கை வலிக்கிறது. எத்தனை தோள்களை அழுத்திய கை, இதற்கு வலிக்கிறது.

வந்துட்டேங்க.