மூன்றாவது பெஞ்ச், ஜன்னல் பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே, அது தனிக்கட்சி. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று காலையில் கிளம்புகிறார், தெருமுனையில் தையல்கடைக்காரரோடு உட்கார்ந்து அரைமணி நேரம் பேசிவிட்டு, நடந்துவிட்டேன் என்று வந்து நிற்கிறார். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். வழக்கமாக உனக்குப் புத்தி சொல்லத்தான் எழுதுவேன், இந்தத் தடவை என் புத்தியே ஒரு நிலையில் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்று நடந்தது, அது சரியா தப்பா என்று எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் பிடிபட மாட்டேன் என்கிறது. அப்பாவிடம் முழுக்கச் சொன்னேன், எல்லாம் கேட்டுவிட்டு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கே என்றார், அது எனக்கே தெரியும், அதைச் சொல்ல இவர் எதற்கு.

போன மாதம் எங்கள் மூன்றாம் வகுப்பு பி பிரிவில் மேற்கூரைப் பூச்சு ஒரு பாய் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். சரிசெய்யும் வரைக்கும் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏ பிரிவு அறைக்குப் போகச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியர். ஏ பிரிவு டீச்சரை உனக்குத் தெரியும், வராந்தாவில் இருக்கிற பூட்டுப்போட்ட பீரோ யாருக்கு என்ற சண்டையில் பதினோரு வருஷமாக நானும் அவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவரோடு ஒரே அறையில், அறுபத்துமூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு. மூன்று பேர் உட்காருகிற பெஞ்சில் ஐந்து பேர், கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டோம், அந்தக் கோட்டைக்கூடப் பேசாமல்தான் போட்டோம். இந்த அழகில் புதுத் தலைமையாசிரியருக்கு ஒரே முழக்கம், பள்ளிக்கூடம் ஒரு குடும்பமாக இருக்கணும், பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் துணை நிற்கணும், நாம்தான் அதற்கு வழிகாட்டணும் என்று. அதற்காக என்ன செய்தோம் என்று வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். முதல் வாரம் நான் முயற்சி நடைபெறுகிறது என்று எழுதிவைத்தேன். பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒற்றுமையைப் பற்றி என்னத்தைக் கிழிக்க முடியும், நீயே சொல்.

ஆனால் அவருடைய பிள்ளைகளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது உண்மை. கை தூக்கிவிட்டுச் சும்மா இருக்கமாட்டார்கள், தன் பெயரைச் சொல்லி, மூணாவது பெஞ்ச், ஜன்னல் பக்கம், டீச்சர் என்று இடத்தையும் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். நோட்டுத் திருத்த இரண்டிரண்டு பேராகப் போவார்கள், ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி சத்தமாகப் படிப்பாள், தப்பு இருந்தால் அங்கேயே இருவரும் பேசித் திருத்திக்கொள்வார்கள், டீச்சர் தலையை ஆட்டி ஒரு டிக் போடுவார், அவ்வளவுதான். யாராவது உள்ளே வந்தால் வாசல் பக்கத்துப் பிள்ளை, ஹெச்.எம். சார் வராங்க டீச்சர் என்று குரல் கொடுக்கும். இருபத்துநான்கு வருஷம் வாத்தியார் வேலை பார்த்து எனக்கு இது தோன்றவில்லையே என்று, வெட்கத்தை விட்டு என் பிள்ளைகளையும் அப்படியே செய்யச் சொன்னேன், வெள்ளிக்கிழமை நோட்டில் ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன். தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. மற்றப் பள்ளி ஆசிரியர்களை வரவழைத்துக் காட்டப்போகிறேன் என்று தேதியே குறித்துவிட்டார்.

அதற்கு அப்புறம்தான் ஒருநாள், டிக் போடுவதற்கு முன்னால் ஒரு சின்னப் பெண், டீச்சர் கையில் தலைகீழாக இருந்த நோட்டைப் பேசாமல் நேராகத் திருப்பி வைத்ததைப் பார்த்தேன். ஏதோ கவனக்குறைவு என்று விட்டுவிட்டேன், விட்டது என் தப்பு. அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டு வேளை முடிந்ததும் நான் ஆபீஸ் அறைக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன், குழாயடியில் நான்கு பிள்ளைகள், நடுவில் ஒரு பெண் பிள்ளைக்கு உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். வழுக்கித் தொட்டி விளிம்பில் இடித்துக்கொண்டு கால்மணி நேரம் ஆகியிருக்கிறது. அந்தக் கோலத்தோடு வகுப்புக்குள் போய், டீச்சருக்கு முன்னால் நின்று, ஏன் லேட்டு என்று கேட்டதற்கு மற்றவர்கள் தண்ணி குடிச்சோம் டீச்சர் என்று சொல்லி, கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, ரத்தம் நிற்கவில்லை என்றதும் மறுபடி குழாய்க்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஒரு வாயாடி, குட்டி வக்கீல் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஏண்டி டீச்சரிடம் சொல்லவில்லை என்று அதட்டினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, டீச்சருக்கு எங்க மூஞ்சி தெரியாது டீச்சர், எழுத்தும் தெரியாது, ஓரமாத்தான் தெரியும், நாங்களே பேசி வச்சு எல்லாம் சொல்லிடுவோம், அவங்களுக்கு நாங்க கண்டுபிடிச்சது தெரியாது, வெளிய தெரிஞ்சா டீச்சரை அனுப்பிடுவாங்கல்ல என்றாள். எட்டு வயது. முப்பத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஐந்து மாதமாக ஒரு பெரிய மனுஷியைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், ஒருத்தர் வாயிலிருந்தும், வீட்டில்கூட, ஒரு வார்த்தை வரவில்லை. அவர்களைக் கட்டிக்கொள்வதா, காதைத் திருகுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

அவரிடம் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்கு அனுப்பியாயிற்று என்று மட்டும் ஒரு பிள்ளையிடம் சொல்லி அனுப்பினேன், இரண்டு நாள் அதற்கு மேல் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னால் பீரோ சண்டைக்குப் பழி தீர்த்துக்கொண்டேன் என்று ஊரே சொல்லும், எனக்கே அப்படித் தோன்றிவிடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் அடுத்த தடவை உதட்டோடு போகாது. புதன்கிழமை பிள்ளைகள் போனபிறகு மாடிப்படியில் அவர் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கிக்கொண்டிருந்தார், நான் கீழே நின்று, டீச்சர், கொஞ்சம் பேசணும் என்றேன். அவர் நின்று, என் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, பதினோரு வருஷம் கழிச்சு இன்னைக்கு என்ன அவசரம் என்றார். நான் சுற்றி வளைக்காமல் கண்ணைப் பற்றிக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது, பாடப்புத்தகம் முழுக்க எனக்கு மனப்பாடம், இருபத்தேழு வருஷத்துல என் வகுப்புல ஒரு பிள்ளை மேல கீறல் பட விட்டதில்ல என்றார். அப்போதுதான் உதட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. அன்னைக்கு அது வாயே திறக்கலியே, என்மேல கோபம்னுல்ல நினைச்சேன் என்று சொல்லிக்கொண்டே படியில் உட்கார்ந்தார். அப்புறம், பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று கேட்டார். எல்லாருக்கும் தெரியும் என்றேன். யாருகிட்டயும் காட்டிக்காம நான் எவ்வளவு சாமர்த்தியமா சமாளிக்கிறேன்னு தினமும் என்னை நானே மெச்சிக்குவேன் டீச்சர் என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று சொல்லத் தெரியாது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது. காவல்காரர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் பூட்டாமல் போய்விட்டார். நடுப்பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறதாம். வீட்டில் மகனிடம்கூட முழுசாகச் சொல்லவில்லையாம்.

மறுநாள் காலை அவரே வகுப்பில் எழுந்து நின்று, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரிஞ்சுபோச்சு, இனிமே யாருக்கு அடிபட்டாலும் முதல்ல எங்க ரெண்டு பேருகிட்ட சொல்லணும், மறைக்கக் கூடாது என்றார். அவர் நேரே தலைமையாசிரியரிடமும் போனார், துணைக்கு நான் போனேன். அந்த மனுஷர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, இதை நான் பாராட்டுறதா, விளக்கம் கேட்டு எழுதுறதா டீச்சர் என்று எங்களையே கேட்டார். பாவம், அவரும் என்னைப் போலத்தான். வெளியூர் ஆசிரியர்கள் வருவதை நிறுத்திவிட்டார், உதட்டில் அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்குப் போய்த் தானே மன்னிப்புக் கேட்டார். பூச்சு வேலை முடிந்தாலும் ஆண்டு முடியும் வரை இரண்டு பிரிவும் ஒரே அறையில் இருக்கட்டும், சொல்லிக்கொடுப்பது அவர், திருத்துவதும் கண்காணிப்பதும் நீங்கள் என்று எனக்குச் சொல்லிவிட்டார். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை, வந்தால் எப்படி வருமோ. அந்த டீச்சர் கதை சொன்னால் அறுபத்துமூன்று பேரும் கட்டிப்போட்டதுபோல் உட்காருகிறார்கள், எனக்கு அது ஒருநாளும் வாய்த்ததில்லை.

என்னை வாட்டுவது இதுதான் கண்ணே. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கவேண்டும் என்று நாங்கள் சுவரெல்லாம் ஒட்டிவைத்தோம், அவர்களோ யாரும் சொல்லாமலே அதைச் செய்துகொண்டிருந்தார்கள், செய்ததில் ஒரு பிள்ளை ரத்தத்தோடு வாய்மூடி உட்கார்ந்திருந்தது. இதில் எதைப் பிடுங்குவது, எதை விட்டுவைப்பது? குட்டி வக்கீல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, காட்டிக்கொடுத்தவள் என்று என்மேல் கோபம். மூன்றாம் நாள் நோட்டோடு வந்து நின்று, டீச்சர், உங்களுக்கு எது வராது, இப்பவே சொல்லிடுங்க, நாங்க பார்த்துக்கறோம் என்று கேட்டாள். எனக்கு எல்லாம் வரும், போய் உட்காரு என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அன்று முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எனக்கு எது வராது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நீயும் என் பெண்தானே, போனில் எப்போது கேட்டாலும் எல்லாம் நல்லா இருக்கும்மா என்கிறாய். அங்கே உனக்கு முடியாததை முடியவில்லை என்று சொல்ல ஒரு ஆளாவது இருக்கிறாரா? இல்லையென்றால் எனக்கு எழுது. என்னால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம், தெரிந்துகொண்டாவது இருப்பேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ அம்மா அப்பாவின் ஆசீர்வாதம். இதைப் படித்துவிட்டுக் கட்டைவிரல் படம் அனுப்பித் தப்பித்துக்கொள்ளாதே, பேனா எடுத்து நான்கு வரியாவது எழுது.

இன்னும் குழப்பம் தீராத,
உன் அம்மா